பத்து வயதுக்குப் பத்து மணி நேரம் போதும்

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் குழந்தை மணிக்கட்டு வலி என்று என்னிடம் வந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று முதலில் கேட்பேன். பெரும்பாலான அம்மாக்களுக்குச் சட்டென்று பதில் வராது. "தினமும் போறா மேடம், ஸ்கூல் விட்டதும் நேரா அங்கதான்" என்பார்கள். கிழமை கிழமையாகச் சொல்லச் சொல்லி நானே கூட்டுவேன். திங்கள் முதல் சனி வரை, மாலை நாலரை முதல் எட்டரை வரை. ஆக 24 மணி நேரம். போட்டி நெருங்கினால் ஞாயிறு காலையும் உண்டு. குழந்தைக்கு வயது பத்து.

சென்னையில் ஃபிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு வளரும் பிள்ளைகளின் மூட்டுகளோடுதான் அன்றாட வேலை. கிரிக்கெட், பாட்மின்டன், பரதநாட்டியம் என்று எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வயதுக்குப் பொருந்தாத வலியைச் சுமந்து வருவது அவர்கள்தான். நான் சொல்ல வந்தது இதுதான்: உயரம் வேகமாகக் கூடும் பருவம் முடியும்வரை ஒரு குழந்தையின் வாரப் பயிற்சி நேரம் அதன் வயதைத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக்கு எட்டு மணி நேரம், பத்து வயதுக்குப் பத்து, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இதை எழுத்தில் விதியாக வைக்க வேண்டும். கோச்சின் நல்ல மனசை மட்டும் நம்பி விட்டுவிடும் விஷயம் அல்ல இது.

காரணத்தை மணிக்கட்டிலிருந்தே சொல்கிறேன். நீண்ட எலும்புகள் நடுவில் வளர்வதில்லை, முனைகளில் வளர்கின்றன. அங்கே குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதை வளர்ச்சித் தட்டு என்கிறோம். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு நீள்வதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மணிக்கட்டை ஒட்டிய தட்டில்தான் நடக்கிறது. பெரியவர்களுக்கு மூட்டைக் கட்டி நிற்கும் நார்கள் கிழிகிற அளவு விசை விழுந்தால், குழந்தைக்கு நார் தாங்கிவிடும், தட்டுதான் அடிவாங்கும். வளரும் உடலில் இருப்பதிலேயே பலவீனமான இடம் அது.

ஜிம்னாஸ்டிக்ஸ் அந்த இடத்தின் மேல்தான் முழு உடலையும் ஏற்றுகிறது. கார்ட்வீல், ஹேண்ட்ஸ்டாண்ட், பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங், வால்ட் என எதை எடுத்தாலும் கை அங்கே காலின் வேலையைச் செய்கிறது. ஒரு பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கில் கை தரையைத் தொடும் நொடியில் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மணிக்கட்டில் இறங்குகிறது. பெரிய கரணங்களை முடித்துத் தரையிறங்கும்போது கால்களில் விழும் விசை உடல் எடையின் பத்து மடங்கு வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை இரண்டுமுறை என்றால் உடல் தாங்கும், தாங்கியபின் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரே மாலையில் நூறுமுறை விழுந்து, மறுநாள் மாலையும் நூறு என்றால், சரிசெய்துகொள்ள நேரமே கிடைப்பதில்லை.

பத்து முதல் பதினான்கு வயதுக்குள் வரும் இந்தப் பாதிப்புக்கு ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே மருத்துவத்தில் பெயர். அதன் தந்திரம் என்னவென்றால், கையை ஊன்றினால் மட்டும் வலிக்கும். சோறு பிசையும்போது, பென்சில் பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில், "கிளாஸுக்குப் போகச் சோம்பல், அதான் சாக்கு சொல்றா" என்று நினைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் தட்டு அகன்று, ஓரங்கள் கலைந்து தெரியும். சரியான நேரத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் முழுசாக ஆறிவிடும். பட்டையைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தால், தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். ஒரு எலும்பின் வளர்ச்சி நின்றுபோக, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு மணிக்கட்டில் போய் முட்டும். அந்த வலி முப்பது வயதில், குழந்தையைத் தூக்கும்போதும் இருக்கும்.

முதுகுக்கும் இதே கதை. பின்னால் வளைந்து வளைந்து, கீழ்முதுகெலும்பின் மெல்லிய பகுதியில் விரிசல் விழுகிறது. குதிகால் வலி பற்றித் தனியாக எழுதவே தேவையில்லை, அது இல்லாத பிள்ளையைக் காண்பது அரிது.

பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதையொட்டி உயரம் கிடுகிடுவென்று கூடுகிறது. எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்குகிறது. பழைய உடலுக்குப் பழகிய குட்டிக்கரணத்தைப் புதிய உடல் தட்டுத்தடுமாறித்தான் செய்யும். பயிற்சியைக் குறைக்க வேண்டிய பருவம் இதுதான். நம் ஊரில் நடப்பதோ நேர்மாறு. மாநிலத் தேர்வு, பள்ளி விளையாட்டுப் போட்டி, சான்றிதழ் எல்லாம் அந்த வயதில்தான் வரிசையாக வருகின்றன. மணி நேரம் கூட்டப்படுவதும் அப்போதுதான்.

வயதையே வரம்பாக வைப்பது நான் கண்டுபிடித்ததல்ல. சிகாகோ பகுதியில் லயோலா பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரத்தில் தம் வயதைவிட அதிக மணி நேரம் விளையாடிய பிள்ளைகளுக்கு, ஓயாத பயன்பாட்டால் வரும் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தன. பயிற்றுநர் கண்காணிப்பில் செய்யும் பயிற்சி, தெருவிலும் மொட்டைமாடியிலும் தானாக விளையாடுவதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினாலும் அதே ஆபத்து. ஆய்வில் பல விளையாட்டுகளின் பிள்ளைகள் இருந்தார்கள்; ஜிம்னாஸ்டிக்ஸுக்கென்று தனியாகச் செய்ததல்ல. ஆனால் கையும் காலும் முதுகும் ஒரே மாலையில் அடிவாங்கும் விளையாட்டுக்கு இந்த வரம்பு தளர வேண்டும் என்று யாராலும் வாதாட முடியாது. மறு ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், ஒரே விளையாட்டைப் பழகும் பிள்ளைக்கு ஆண்டில் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து விடுப்பும் வேண்டும் என்று சொன்னது. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில்தான் காலையும் மாலையும் இரண்டு வேளைப் பயிற்சி.

உடம்பை விட்டுவிட்டு நாளை மட்டும் கணக்கிட்டாலும் 24 மணி நேரம் பொருந்தவில்லை. எட்டரைக்குப் பயிற்சி முடிந்து, போக்குவரத்தில் நீந்தி வீடு வர ஒன்பதே கால். குளித்துச் சாப்பிட்டுப் பாடம் எழுதிப் படுக்கப் பத்தரை தாண்டிவிடும். பள்ளி வேனுக்காக ஆறு மணிக்கு எழுப்பியாக வேண்டும். ஏழரை மணி நேரத் தூக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ வல்லுநர்கள். எலும்பும் தசையும் பழுதுபார்க்கப்படுவது தூக்கத்தில்தான். பயிற்சியில் கற்ற அசைவு மூளையில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். அந்தத் தூக்கத்தை வெட்டி எடுத்துத்தான் நான்காவது மணி நேரத்தைக் கொடுக்கிறோம். களைத்த பிள்ளை கடைசி மணி நேரத்தில் கால் மடங்காமல் குதிக்கிறது, கையைத் தவறாக ஊன்றுகிறது. எப்போது அடிபட்டது என்று கேட்டால், "முடியற நேரத்துல மேடம்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின் விதி ஒன்று இருக்கிறது. போட்டிக் காலத்தில் மாணவர்களின் பயிற்சியும் போட்டியும் சேர்ந்து வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம். வாரத்தில் ஒருநாள் கட்டாய விடுப்பு. ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் இதே விதிதான். அந்த மாணவிகளுக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது. எலும்பு முதிர்ந்தவர்கள், சம்மதம் சொல்லும் வயதை எட்டியவர்கள். வளர்ச்சித் தட்டு மூடிய இருபது வயதுப் பெண்ணுக்கு 20 மணி நேரம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். திறந்த தட்டோடு நிற்கும் பத்து வயதுச் சிறுமிக்கு நம் ஊரில் எந்தக் கோடும் இல்லை. எத்தனைமுறை யோசித்தாலும் இது எனக்கு ஆறவில்லை.

அந்த 20 மணி நேரத்துக்குள் என்ன முடியும் என்பதற்கு அமெரிக்க ஜிம்னாஸ்ட் கேட்லின் ஒஹாஷி சான்று. 2013 அமெரிக்கக் கோப்பையில் சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றபோது அவருக்குப் பதினைந்து வயது. பிறகு முதுகிலும் தோளிலும் காயங்கள். ஒலிம்பிக் பாதையை விட்டு விலகினார். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2019 ஜனவரியில் ஃப்ளோர் பிரிவில் முழுப் பத்து வாங்கினார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. பல்கலைக்கழகப் போட்டியின் கடினம் ஒலிம்பிக் அளவு இல்லை என்பது உண்மை. ஆனாலும் காணொளியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டிலிருந்து கிடைக்க வேண்டியது அதுதான்.

கோச்சுகளோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை. சொற்பச் சம்பளத்தில், வாடகைக் கூடத்தில், பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக நினைத்துப் பாடுபடுகிறவர்களை அறிவேன். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், சைனாவுல விடிஞ்சா அடைஞ்சா அதே வேலையா இருக்காங்க. நீங்க பத்து மணி நேரம்னா நாங்க எப்ப மெடல் வாங்குறது?" நியாயமான கேள்விதான். அதற்கு என் பதிலைச் சொல்லியாக வேண்டும்.

சிறு வயதில்தான் உச்சம் என்ற எண்ணம் 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் வேரூன்றியது. பதினான்கு வயது நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கினார். அந்த எண்ணைக் காட்ட முடியாத மதிப்பெண் பலகை 1.00 என்று காட்டியது. உலகம் முழுக்கச் சிறுமிகளைத் தேடும் வேட்டை அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. அந்தப் போட்டாபோட்டியில் சோவியத் ஒன்றியத்தின் எலேனா முகினா நினைவுக்கு வருகிறார். 1978 உலகச் சாம்பியன். 1979இல் கால் முறிந்தது. சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் ஆபத்தான கரணம் ஒன்றைப் பயிலும்போது கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு இருபது வயது. கையும் காலும் செயலிழந்து இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து 2006இல் இறந்தார். உலகக் கூட்டமைப்பு பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 1981இல் பதினைந்தாகவும், 1997இல் பதினாறாகவும் உயர்த்தியது. மேடை ஏறும் வயதுக்கு வரம்பு வந்தது. மேடைக்குப் பின்னால் செலவாகும் மணி நேரத்துக்கு வரவில்லை.

வயது உயர்ந்ததும் பதக்கம் போய்விடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் வென்ற மூவரில் பைல்ஸுக்கு 27, பிரேசிலின் ரெபேகா அந்த்ராதேவுக்கு 25, சுனிசா லீக்கு 21. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோவில் வால்ட் குதித்தார். அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். பைல்ஸ் 2012இல், பதினைந்து வயதையொட்டி, பள்ளியை விட்டு வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்திலிருந்து 32 ஆனது. அந்த 20கூட நான் கேட்கும் வரம்பைத் தாண்டியதுதான், மறைக்கவில்லை. ஆனால் வரலாற்றின் தலைசிறந்த ஜிம்னாஸ்ட்டே அந்த வயது வரை 20 மணி நேரத்தில் வளர்ந்திருக்கும்போது, பத்து வயதுக்கு 24 மணி நேரம் எதற்கு?

நம் தீபா கர்மாகர் ரியோ ஒலிம்பிக்கில் புரொதுனோவா என்ற வால்ட் வகையைக் குதித்து 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது அவருக்கு 23 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அகர்தலாவில் ஆறு வயதில் தொடங்கியவர். தட்டைப் பாதம், ஓட்டை உடைசல் சாதனங்கள், பிஸ்வேஸ்வர் நந்தி என்ற ஒரு கோச். 2024இல், முப்பது வயதில், ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வென்றார். பதினேழு ஆண்டு உடல் தாக்குப்பிடித்தால்தான் இருபத்து மூன்றில் ஒரு தீபா கிடைப்பார். பன்னிரண்டு வயதில் மணிக்கட்டு வலியோடு வீட்டுக்கு அனுப்பிய சிறுமிகளில் எத்தனை தீபாக்கள் போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எதிலும் வல்லவராகலாம் என்று பெற்றோர்கள் சொல்லும் கணக்குக்கும் ஒரு வார்த்தை. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் பிரபலமாக்கிய அந்த எண், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களிடம் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதே ஆய்வில், சிறந்த மாணவர்கள் நாளொன்றுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம்தான் தனியே பயிற்சி செய்தார்கள், நடுவில் ஓய்வெடுத்தார்கள், மதியம் குட்டித் தூக்கம் போட்டார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள். வயலினில் யாரும் தலைகீழாக விழுவதும் இல்லை.

"எல்லா மணி நேரமும் ஒன்றல்ல, ஒரு மணி நேரம் ஸ்ட்ரெச்சிங்தான் போகுது" என்று கோச்சுகள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். அப்படியானால் விழும் எண்ணிக்கையையும் எண்ணுவோம். அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் 2007இலிருந்து ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஒருநாளில் 75 பந்துக்கு மேல் எறியக் கூடாது. எறியும் கைக்குக் கணக்கு இருக்கும்போது ஊன்றும் கைக்கு ஏன் இல்லை? அதோடு, வெளிநாட்டு மணி நேரக் கணக்கெல்லாம் ஸ்பிரிங் வைத்த தரை, பஞ்சுக்குழி, தடித்த மேட் இருக்கும் கூடங்களுக்கானவை. சிமென்ட் தரையில் மெல்லிய மேட் விரித்த கூடத்தில் அதே ஒரு மணி நேரம் உடம்புக்கு இன்னும் பாரம். நம் வரம்பு அவர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டம் இதைத் தொடாமல் இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், நடிக்கும், பாடும் குழந்தைகளோடு விளையாட்டில் ஈடுபடும் குழந்தைகளையும் கலைஞர் என்ற வரையறைக்குள் வைக்கிறது. 2017 விதிகளின்படி அந்தக் குழந்தையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. சர்க்கஸுக்கு அனுமதியே கிடையாது. டி.வி. நிகழ்ச்சியில் பாடும் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, காசு கட்டிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு நடைமுறையில் எட்டுவதில்லை. அங்கே அது வேலை அல்ல, வகுப்பு. எலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நல்ல கோச் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு பிரிட்டன் பாடம். அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸில் குழந்தைகள் நடத்தப்பட்ட விதம் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் நடந்த விசாரணைக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 2022 ஜூனில் வந்த அறிக்கையில், காயத்தோடு பயிற்சி செய்யவைக்கப்பட்ட குழந்தைகள், எடைக்காக அவமானப்படுத்தப்பட்ட குழந்தைகள், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அனுமதி மறுக்கப்பட்ட குழந்தைகள் வருகிறார்கள். பெரிய சங்கமும், விதிப் புத்தகமும், பணமும் உள்ள நாடு அது. குழந்தை வாய் திறக்காது. "வலிக்குது" என்றால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். என் கிளினிக்கில்கூட அம்மா வெளியே போன பிறகுதான் சில பிள்ளைகள் எங்கே வலி என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநில ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பும் சேர்ந்து செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். வயதுக்கு ஏற்ற வார வரம்பை ஒவ்வொரு பயிற்சிக் கூடத்தின் சுவரிலும் எழுதி வைக்கட்டும். பதினான்கு வயதுக்கு மேல், உயரம் கூடுவது நின்ற பிள்ளைக்கு 16 மணி நேரம் வரை போகலாம். பிறகு மெல்லக் கூட்டினாலும் பள்ளிப் படிப்பு முடியும்வரை 20ஐத் தாண்ட வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே வாரத்தில் மூன்று நாள், ஒரு வேளைக்கு மூன்று மணி நேரத்துக்குள். பள்ளி அணிப் பயிற்சி, நடன வகுப்பு எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் ஒரு நோட்டு பிள்ளையின் பையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை உயரத்தை அளந்து அதே நோட்டில் குறிக்கட்டும். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் வால்ட்டும் டம்ப்ளிங்கும் பாதியாகட்டும். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அந்த நோட்டையும் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், நோட்டு தானாக நிரம்பும். இதனால் பன்னிரண்டு வயதுப் பிரிவில் சில பதக்கங்கள் வேறு மாநிலத்துக்குப் போகலாம். போகட்டும்.

ஏப்ரல், மே வந்தால் ஊரெங்கும் கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமுக்குப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தக் கிழமை முழு விடுப்பு, வலி என்று பிள்ளை சொன்னால் அன்று என்ன செய்வீர்கள். மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.